நகப்பூச்சு

புந்தா அரேனாஸில் காற்று முற்றிய நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அப்படியொரு ஜூன் காலை, ஒன்பதரை ஆகியும் விடியவில்லை,
நண்டு ஆலையின் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
மார்லேனே பார்ரியா மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ரயேன். ஆறு வயது. நான்கு நாள் காய்ச்சல்.
உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புள்ளிகள்.
வலது கணுக்கால் வீங்கி, போர்வை பட்டாலே அலறல்.

டாக்டர் ஒயார்சுன் கேட்டார்: நாய் கடித்ததா?
இல்லை.
பூனை பிறாண்டியதா?
வீட்டில் பூனையே இல்லை.
தொண்டையில் ஒன்றுமில்லை. வைரஸ் என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.
அந்தக் கேள்விக்குறிக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

நான் கீழ்த்தளத்து ஆய்வகக்காரி.
குழந்தைகள் என்னிடம்
மூன்று மில்லி ரத்தமாகத்தான் வருவார்கள்,
பெயரும் வயதும் ஒட்டிய குப்பியில்.
அழுகை மாடியிலேயே நின்றுவிடும்.

ரயேனின் குப்பி இரண்டு நாள் வாய் திறக்கவில்லை.
பச்சை விளக்கு, மறுபடி பச்சை விளக்கு:
ஏதும் வளரவில்லை.
நானும் அப்படியே எழுதி மாடிக்கு அனுப்பினேன்.

அன்றிரவு விரலில் மாட்டிய கருவி
ஆக்சிஜன் அளவு சொல்ல மறுத்தது.
நகமெல்லாம் ஊதாப் பூச்சு, மினுக்குத் தூளோடு.
நர்ஸ் யாஸ்னா பஞ்சை அசிட்டோனில் நனைத்தாள்.
ஒன்பது விரல்களைச் சும்மா கொடுத்த பிள்ளை
பத்தாவதை மடக்கிக்கொண்டது.

விரித்தபோது, நக ஓரத்தில்,
பூச்சுக்கு அடியில்,
ஆறிப்போன இரண்டு புள்ளிகள்.
அரிசிக் குருணைகூட அதைவிடப் பெரிது.

யாஸ்னா தரையில் உட்கார்ந்துகொண்டாள்.
ரொம்பச் சின்னப் பல், இல்லையா?
நெடுநேரம் கழித்து ரயேன் கேட்டது இதுதான்:
"அதைப் பாம்புக்கே திருப்பிக் கொடுத்துடுவீங்களா?"

பக்கத்து வீட்டுப் பையன் பாம்பு வளர்க்கிறான்.
அதன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து
ஒரு வெள்ளை எலியைத் திருடி
மூன்று வாரமாகக் கம்பளித் தொப்பிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள்.
பெயர் மிகா. எங்கள் மொழியில் ரொட்டித் துணுக்கு.
அது கடித்தது தப்பில்லையாம்,
தன் விரலில்தான் வெண்ணெய் இருந்ததாம்.

எலி, என்றாள் யாஸ்னா தொலைபேசியில்.
நான் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தேன்.
குப்பியில் ரத்தம் உறையாதிருக்க நாங்கள் போடும் மருந்து
அந்த ஒரு கிருமியைத் தலையெடுக்க விடாது.
இரண்டு நாளாக நான்தான்
அதன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

வேறு குழாயில் புதிதாக ரத்தம் வாங்கினேன்.
வாங்கிய கையோடு பென்சிலின் ஏற்றினார் ஒயார்சுன்;
என் சாட்சிக்காக அவர் காத்திருக்கவில்லை.
சீரம் கலந்த கஞ்சியில் ரத்தத்தை விட்டு
ஜாடிக்குள் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி மூடினேன்.
சுடர் மூச்சு முட்டி அணைந்தது.
கிருமிக்கு அந்த மிச்சக் காற்றுதான் பிடிக்கும்.

மூன்றாம் நாள் அடியில் பஞ்சுப் பொட்டுகள்.
நுண்ணோக்கியில், யாரோ அவசரத்தில் கோத்த
பாசிமணி மாலை, அங்கங்கே உப்பி, அங்கங்கே அறுந்து.
எலியின் தொண்டையில் அது நோயே இல்லை,
வெறும் குடித்தனம்.

சொல்ல மாடிக்கு ஓடினேன்.
ரயேன் வராந்தா ஓட்டுக்கல்லில்
நொண்டியடித்துக்கொண்டிருந்தாள், வலது காலில்.
என் சேதி அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்: விலங்கு இப்போது எங்கே?
மார்லேனே சற்று யோசித்தாள்.
பிறகு பையிலிருந்து ஆலைக் கையுறை ஒரு ஜோடி எடுத்து,
நண்டுக் கொடுக்குக்கும் அசையாத தடிமன்,
மகளின் கையில் மாட்டிப் பார்த்தாள்.
தோள் வரை வந்தது.